ராஜவேலின் எதிர் நாற்காலி

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் சோப்பு ஆலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியான ராஜவேலுக்குக் கடவுள் இரண்டு கண்களைக் கொடுத்திருந்தார். இரண்டும் வெளியே மட்டும் பார்ப்பவை. எல்லோருக்கும் அப்படித்தானே என்று கேட்கலாம். மற்றவர்கள் எப்போதாவது கண்ணாடி முன்னால் நின்று தங்கள் முகத்தையும் பார்ப்பார்கள். ராஜவேல் கண்ணாடி முன்னால் நின்றால் கண்ணாடியில் ரசம் போயிருப்பதைத்தான் பார்ப்பார்.

பாகூர்ப் பக்கத்துக் கரும்பு விவசாயக் குடும்பத்தில் முதுகலைப் பட்டம் வரை எட்டிய முதல் ஆள் அவர். வேதியியலில் வாங்கிய அந்தப் பட்டம் அவருக்கு குறையுள்ள சரக்கின் மேல் ஒட்டும் சிவப்பு ஸ்டிக்கர் கட்டு ஒன்றை வாங்கித் தந்தது. சோப்பின் ஓரம் மழுங்கியிருந்தால் ஸ்டிக்கர். உறையின் எழுத்து ஒரு நூல் சாய்ந்திருந்தால் ஸ்டிக்கர். சம்பளம் வாங்கிக்கொண்டே பிறர் குற்றம் காணும் வாய்ப்பு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. வாய்த்தவர்களும் மாலையில் சங்கு ஊதியதும் நிறுத்திவிடுவார்கள். ராஜவேல் நிறுத்தவில்லை.

ரெட்டியார்பாளையத்தில் அவர் கட்டிய வீட்டின் மாடிப்படியில் ஒரு படி மட்டும் மற்றவற்றைவிட உயரம். புதிதாக வருகிறவர்கள் அதில் தடுக்காமல் ஏறியதில்லை. தடுக்கியவரைத் தாங்கிப் பிடித்தபடியே கொத்தனாரின் மடமையை விவரிப்பது ராஜவேலின் விருந்தோம்பல். வேலை பாதி நடக்கும்போது வரைபடத்தை வாங்கித் தளத்தின் உயரத்தை மாற்றியவர் அவரே என்பதை அவர் மனைவி கலைவாணி விருந்தினரிடம் சொன்னதில்லை. கலைவாணிக்கு வேறு வேலை இருந்தது.

"இட்லியில உப்பு கம்மி" என்பார் ராஜவேல்.

"நேத்து நீங்கதான கம்மி பண்ணச் சொன்னீங்க."

"நான் சொன்னது இவ்ளோ கம்மி இல்ல."

இப்படிப்பட்டவர் பொழுதுபோக்குக்கென்று தேர்ந்தெடுத்தது பிரிட்ஜ் என்னும் சீட்டாட்டத்தை. நால்வர் ஆடுவது அது. எதிரெதிரே அமர்பவர்கள் ஜோடி. எது துருப்பு, எத்தனை பிடி எடுப்போம் என்று முதலில் ஏலம். ஏலத்தில் வென்றவர் சொன்னதை எடுத்துக் காட்ட வேண்டும், மற்ற ஜோடி அதைத் தடுக்க வேண்டும். இதற்கிடையில் ஜோடியிடம் வாய் திறந்து ஒரு சொல் சொல்லக் கூடாது. அவர் கேட்ட ஏலத்தையும் போட்ட சீட்டையும் வைத்தே அவர் மனத்தைப் படித்தறிய வேண்டும். எதிரே இருப்பவருக்கு மனம் என்று ஒன்று உண்டு என்பதையே ஒப்புக்கொள்ளாத ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமில்லாத ஆட்டத்தைத் தேடிப் பிடிப்பது கடினம். ராஜவேல் கல்லூரி விடுதியிலேயே அதைத் தேடிப் பிடித்திருந்தார். புத்தகங்களில் நெட்டுருவும் போட்டிருந்தார்.

மிஷன் வீதிக்குப் பின்னால், எழுதுபொருள் கடை ஒன்றின் மாடியில், ஞாயிறு பிற்பகல்களில் பிரிட்ஜ் சங்கம் கூடும். ஊரில் இந்த ஆட்டம் தெரிந்தவர்கள் எல்லோரையும் ஒரே டெம்போவில் ஏற்றிவிடலாம். செயலாளர் அருள்முருகன், ஓய்வுபெற்ற சார்பதிவாளர். ஆட்டம் முடிந்து, டீ வருவதற்குள் ஒவ்வொருவரும் அன்று தாம் செய்த ஒரு பிழையைத் தம் வாயாலேயே சொல்ல வேண்டும் என்று ஒரு வழக்கத்தை அவர் ஏற்படுத்தியிருந்தார். பிறர் பிழையைச் சொல்ல அங்கே இடமில்லை. முத்தியால்பேட்டையில் மருந்துக்கடை வைத்திருந்த ஜெஸ்டின் இதற்குப் பாவசங்கீர்த்தனம் என்று பெயர் வைத்தார். கோயிலில் பாதிரியாரிடம் சொல்வதைவிட இங்கே உண்மையாகச் சொல்வதாகவும் சேர்த்துக்கொள்வார். அதில் பொய்யில்லை. "ஏலத்துல ஆசைப்பட்டு ஒண்ணு தாண்டிட்டேன்", "ராணி யாருகிட்டன்னு எண்ணாம ஆடிட்டேன்" என்று வயதானவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு சொல்வார்கள். அடுத்த வாரம் அதே பிழையைச் செய்பவர்களும் உண்டு. ஆனாலும் நாளடைவில் அந்த மாடியின் ஆட்டம் சற்றே முன்னேறியது.

ராஜவேலின் முறை வரும்போது அவர் எப்போதும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்: "ஜோடிய அதிகமா நம்பிட்டேன்."

அந்த நம்பிக்கையின் அழகை முதலில் அனுபவித்தவர் கால்நடை மருத்துவர் அமிர்தவல்லி. ஒருநாள் எதிராளிகள் டைமண்ட் கேட்டிருந்தபோது அவரும் டைமண்டையே கேட்டார். எதிராளியின் இனத்தையே திருப்பிக் கேட்டால், "என் கை பலம், நிறுத்தாமல் மேலே போ" என்று பொருள். பிரிட்ஜ் ஆடும் எவருக்கும் தெரிந்த மரபு. ராஜவேல் படித்த புத்தகங்களிலும் அது இருந்தது. ஆனால் அந்த அம்மாளுக்கு அது தெரிந்திருக்கும் என்று அவரால் நினைக்க முடியவில்லை. வாய் தவறிச் சொல்லிவிட்டார் என்று முடிவு செய்து, பாஸ் சொல்லி அங்கேயே நிறுத்திவிட்டார். எதிராளியின் இனத்தையே துருப்பாக வைத்துக்கொண்டு, மூன்று துருப்போடு, அமிர்தவல்லி அன்று பட்ட பாட்டை அந்த மாடி வெகுநாள் பேசியது.

"மாட்டுக்கு ஊசி போடுறவங்கள நம்பி ஏலம் கேட்டா இப்பிடித்தான்" என்றார் ராஜவேல், படியிறங்கும்போது.

"மாடு பரவால்ல சார். கொம்ப ஆட்டினா இன்னான்னு திரும்பியாவது பாக்குது" என்றார் அமிர்தவல்லி. அடுத்த வாரம் வேறு மேஜைக்குப் போய்விட்டார்.

இரண்டாவது ஜோடி வேம்பு என்ற வங்கி அதிகாரி. அவர் சில மாதங்களில் காரைக்காலுக்கு மாறிப்போனார். மாறுதலை அவரே மனுப் போட்டு வாங்கினார் என்று ஜெஸ்டின் சொல்லித் திரிந்தார்.

2006ஆம் ஆண்டின் நடுவில் ராஜவேலுக்கு எதிரே அமரச் சம்மதித்தவர் சகாயசெல்வி ஒருவர்தான். தனியார் பள்ளியில் பிரெஞ்சு ஆசிரியை. அவருடைய தந்தை பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கிய சொல்தா. அந்த வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் தினமும் பெலோத் என்னும் பிரெஞ்சுச் சீட்டாட்டம் நடக்கும். செல்வி எழுத்துக்கு முன்னால் சீட்டைக் கற்றவர். பெலோத்திலிருந்து பிரிட்ஜுக்கு வருகிறவர்களை, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட இந்த ஊரில் எளிதில் அடையாளம் காணலாம். பெலோத்தில் கேட்ட இனம் கையில் இல்லாவிட்டால் துருப்பால் வெட்டியே தீர வேண்டும். முன்னால் ஒருவர் துருப்பால் வெட்டியிருந்தால், கையில் பெரிய துருப்பு இருக்கிறவர் அதன் மேல் ஏறியே தீர வேண்டும். அது சட்டம். பிரிட்ஜில் இந்தக் கட்டாயம் கிடையாது. வெட்டலாம், வெட்டாமல் வேறொன்றைத் தள்ளலாம். ஆனால் சிறு வயதில் கை கற்றதை மூளை எளிதில் அழித்துவிட முடியாது. வந்த புதிதில், துருப்பு ராஜாவைப் போட்டபின் ராணியைப் போடும்போதெல்லாம் செல்வி தம்மையறியாமல் "ரெபெலோத்" என்று முணுமுணுப்பார். பெலோத்தில் அதைச் சொன்னால் புள்ளி உண்டு. பிரிட்ஜில் சிரிப்புதான் கிடைத்தது.

ஐப்பசி மழை கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, எதிராளி ராணியால் வெட்டியதும் செல்வி யோசிக்காமல் ராஜாவை எடுத்து மேலே ஏறினார். ஏறாமல் விட்டிருந்தால் அவர் கையிலிருந்த பத்தும் பின்னால் ஒரு பிடி பிடித்திருக்கும். ஏறியதால் ராஜாவின் ஒரு பிடியோடு நின்றது.

ராஜவேல் சீட்டுகளை மேஜையில் வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டார். அந்தத் தோரணையை ஆலையில் சோப்புக்கு உறை போடும் பெண்கள் அறிவார்கள்.

"மேடம், இது உங்க வீட்டு பெலோத் இல்ல. ஏறணும்னு யாரும் இங்க கட்டாயப்படுத்தல."

"தெரியும் சார். கை ஏறிடுச்சு."

"கை ஏறிடுச்சா. ஆட்டத்த மூளையால ஆடணும். சொல்தா வீடுங்கள்ல அது வழக்கமில்ல போல."

பக்கத்து மேஜையில் சீட்டு கலைக்கும் ஓசை நின்றது. செல்வி அடுத்த சீட்டை இறக்கினார். பாவசங்கீர்த்தனத்தில், "ஏறக்கூடாத எடத்துல ஏறிட்டேன். ஏன் ஏறக்கூடாதுன்னு இன்னும் முழுசாப் புரியல" என்றார். அருள்முருகன் அதைப் பாராட்டினார். ராஜவேல் ஜோடியை அதிகமாக நம்பியதாகச் சொன்னார்.

அன்று படியிறங்கும்போது செல்வி தம் முடிவைச் சொன்னார்: "மார்கழியில தேர்வு ஆட்டம் வரைக்கும் உங்க எதுர்ல உக்கார்றேன் சார். அதுக்கப்பறம் யோசிக்கலாம்."

தேர்வு ஆட்டத்தில் வெல்லும் ஜோடியைச் சங்கம் சென்னைப் போட்டிக்கு அனுப்பும். ராஜவேலுக்குச் சென்னை ஆசை இருந்தது. அதைவிட, செல்வி எழுந்துபோனால் அந்த மாடியில் தமக்கு எதிரே அமர வேறு ஆள் கிடையாது என்பதும் தெரிந்திருந்தது. எதிர் நாற்காலி காலியானால் பிரிட்ஜ் இல்லை. அது தனியாக ஆடும் ஆட்டமல்ல. சென்னைக்குப் போய்விட்டால் அந்த அம்மாள் எப்படி எழுந்து போவார் என்று கணக்குப் போட்டார். ஆகவே சில வாரங்கள் நாக்கைக் கட்டினார். கட்டியது நாக்கை மட்டும்தான். அவர் மனத்தில் செல்வியின் மேல் ஒட்டியிருந்த சிவப்பு ஸ்டிக்கர் அப்படியே இருந்தது.

செல்வியோ அந்தக் கையை விடவில்லை. அதே சீட்டுகளை வீட்டில் நான்கு பக்கமும் பரப்பி, ஏறினால் என்ன, ஏறாவிட்டால் என்ன என்று திரும்பத் திரும்ப ஆடிப் பார்த்தார். ராஜாவுக்குக் கீழே பத்து இருந்தால் பொறுத்திருப்பதே லாபம் என்பது விரல்களுக்கும் எட்டும்வரை ஆடினார். வீட்டுப் பெலோத்தில் சட்டப்படி ஏறினார். மாடியில் யோசித்து ஏறினார். இதை ஒருமுறை டீக் குடிக்கும்போது சொல்லத் தொடங்கினார்.

"சார், அந்த ராஜா-பத்து கைய வீட்டுல நான்..."

"அத விடுங்க மேடம். பழசக் கெளறி இன்னா ஆவப் போவுது" என்று ராஜவேல் பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டார். பாதியில் நின்ற வாக்கியத்தைச் செல்வி டீயோடு விழுங்கினார்.

தேர்வு ஆட்டத்தின் கடைசிக் கை. இரண்டு ஜோடிகளும் ஏறக்குறையச் சமம். இந்தக் கையில் வெல்பவர்கள் சென்னைக்குப் போவார்கள். ஜெஸ்டின் ஸ்பேடைத் துருப்பாகக் கேட்டு, ஒன்பது பிடி எடுப்பதாக ஏலத்தை முடித்தார். தடுக்க வேண்டியவர்கள் ராஜவேலும் செல்வியும்; அவர்களுக்கு ஐந்து பிடி வேண்டும். விதிப்படி ஜெஸ்டினின் ஜோடியான அருள்முருகன் தம் சீட்டுகளை மேஜையில் விரித்து வைத்தார். அதில் டைமண்ட் ராஜாவும் ராணியும் கிடந்தன.

செல்வி ஆர்ட்டினில் தொடங்கினார். ராஜவேல் கேட்டிருந்த இனம் அது. ராஜவேல் வரிசையாக இரண்டு பிடி எடுத்தார். மூன்றாவது முறையும் ஆர்ட்டினையே இறக்கினார். ஜெஸ்டினிடம் ஆர்ட்டின் தீர்ந்திருந்தது. அடுத்து ஆட வேண்டிய செல்வியிடமும் அது தீர்ந்திருக்கும் என்று ஊகித்து, அவர் சின்னத் துருப்பால் ஏறிவிடாதபடி துருப்பு ராணியையே போட்டு வெட்டினார்.

செல்வி சற்று நேரம் தம் சீட்டுகளைப் பார்த்தார். பிறகு ஒரு சின்னக் கிளாவரைத் தள்ளினார். ஏறவில்லை.

ராஜவேலின் மூளை சுறுசுறுப்பாக வேலை செய்தது. அதைக் குறை சொல்ல முடியாது. செல்வி ஏறவில்லை. பெலோத் வீட்டுப் பெண் கையில் ராஜாவை வைத்துக்கொண்டு ராணி மேல் ஏறாமல் இருப்பாளா? இருக்கமாட்டாள். ஆகவே துருப்பு ராஜா ஜெஸ்டினிடம். துருப்பில் நமக்கு ஒரு பிடியும் கிடையாது. பெரிய துருப்பெல்லாம் கையில் இருந்தும் ஜெஸ்டின் ஒன்பதோடு நின்றதால், கிளாவர் ஏஸ் செல்வியிடம் இருக்க வேண்டும். கிளாவரைத் தள்ளிக் காட்டியதும் அதற்காகத்தான். அப்படியானால் ஆர்ட்டினில் இரண்டு, கிளாவரில் ஒன்று, மீதி இரண்டும் டைமண்டில் வர வேண்டும்.

அந்த நேரத்தில் ஜெஸ்டின் ஒரு சின்ன டைமண்டை இறக்கி, மேஜையிலிருந்து ராணியைப் போட்டார். ராஜவேலின் கையில் டைமண்ட் ஏஸ் இருந்தது, ஜாக்கியும் இருந்தது. இப்போது ஏஸைப் போட்டால் டைமண்டில் ஒரே பிடி. பதுக்கிவைத்தால், ஜெஸ்டின் மறுபடி டைமண்ட் ஆடும்போது ராஜாவை ஏஸ் விழுங்கும், பின்னால் ஜாக்கியும் பிடிக்கும். ராஜவேல் கண்ணிமைக்காமல் ஒரு சின்ன டைமண்டைப் போட்டார். தம் முகத்தில் எதுவும் தெரியவில்லை என்பதில் அவருக்குப் பெருமை.

ராணி பிடித்துவிட்டது. ஜெஸ்டின் மேஜையிலிருந்து துருப்பை ஆடித் தம் ஏஸால் பிடித்தார். பிறகு துருப்பு ஜாக்கியை இறக்கினார். செல்வி அதன் மேல் துருப்பு ராஜாவை வைத்தார்.

ராஜவேல் அந்த ராஜாவைப் பார்த்தார். வீட்டுக் கூடத்தில் முன்பின் தெரியாத ஒருவர் ஈசிசேரில் சாய்ந்திருப்பதைக் கண்டவர் போலப் பார்த்தார்.

செல்வி டைமண்டை ஆடினார். அதில் ராஜவேலிடம் ஏஸ் இருக்கும் என்று அவர் நம்பினார். ஜோடியை நம்புவது என்றால் அதுதான். ஆனால் ஜெஸ்டினிடம் இருந்தது ஒரே ஒரு டைமண்ட். அது முன்பே போய்விட்டது. அவர் சின்னத் துருப்பால் வெட்டினார். பிறகு செல்வியின் துருப்புப் பத்தும் ஒரு பிடி பிடித்தது. மொத்தம் நான்கு. ஐந்தாவதாக வந்திருக்க வேண்டிய டைமண்ட் ஏஸ், கடைசிப் பிடியில் ஜெஸ்டினின் கிளாவர் மேல் அநாதையாக விழுந்தது.

"ராஜா வச்சிருந்தீங்களா?" என்றார் ராஜவேல். "ஏன் ஏறல?"

"ஏறினா ஒரு பிடி சார். ஏறாததால ரெண்டு வந்துச்சு."

"ஏறுவீங்கன்னு நெனச்சுதான நான் கணக்குப் போட்டேன்."

"நீங்கதான சார் ஏறக்கூடாதுன்னு சொன்னீங்க."

இந்தச் சங்கத்தில் ஆடிய சீட்டைக் கலக்காமல் அவரவர் முன்னால் கவிழ்த்துவைப்பது முறை. ஜெஸ்டின் நான்கு கைகளையும் நிமிர்த்திப் பரப்பினார். ரொம்ப நேரம் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

"அந்த ஏஸப் போட்டிருந்தீங்கன்னா நாங்க சென்னைக்கு மூட்டை கட்ட வேண்டியதில்ல சார்" என்றார் அருள்முருகன். "செல்வி பிரமாதமா ஆடியிருக்காங்க."

"அண்ணே, ஏஸ வீட்டுக்கு எடுத்துட்டுப் போவலாம்னு வச்சிருந்தீங்களா?" என்றார் ஜெஸ்டின்.

பாவசங்கீர்த்தனம் தொடங்கியது. ஜெஸ்டின், ராணியால் வெட்டியதே தம் பேராசை என்றார். அருள்முருகன் ஏலத்தில் தாம் காட்டிய தயக்கத்தைச் சொன்னார். ராஜவேலின் முறை வந்தது. நான்கு கைகளும் இன்னும் மேஜையில் நிமிர்ந்தே கிடந்தன. ஏஸ் எங்கே இருந்தது, ராஜா எங்கே இருந்தது என்று கண்ணுள்ள எவருக்கும் தெரியும். சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்றே ஒன்று: ஜோடி மாறியிருப்பாள் என்று நினைக்கவில்லை. அதைச் சொல்லியிருந்தால் செல்வி ஒருவேளை இன்னொரு வருடம் அமர்ந்திருப்பார். அவர் முகம் அப்படித்தான் காத்திருந்தது.

ராஜவேல் சட்டைப்பையில் இருந்த பேனாவைச் சரி செய்துகொண்டார்.

"ஜோடிய அதிகமா நம்பிட்டேன்" என்றார்.

டீக் கொண்டுவந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

கடைசியாகச் செல்வி பேசினார். "நான் அந்தக் கைய வீட்டுல ஆடிப் பழகிட்டேன்னு இவுங்ககிட்ட ஒரு நாள் சொல்ல வந்தேன். கேக்கலன்னதும் பாதியிலயே விட்டுட்டேன். முழுசாச் சொல்லியிருக்கணும். அது என் தப்பு." டீயை வாங்கிக்கொண்டு, ராஜவேல் பக்கம் திரும்பினார். "அடுத்த வாரத்துலேருந்து நான் வேற எடத்துல உக்கார்றேன் சார். நீங்க மாடி ஏறி வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கணும்ல, அதான் இப்பவே சொல்லிட்டேன்."

"உங்க விருப்பம்" என்றார் ராஜவேல். அன்றிரவு கலைவாணியிடம், பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன ஊரில் ஒழுங்காக ஆட ஆள் கிடைக்காது என்று விளக்கினார். கலைவாணி ரசத்தை ஊற்றினார். ரசத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லாதது கலைவாணிக்குப் புதிதாக இருந்தது.

அடுத்த ஞாயிறு ராஜவேல் வழக்கம்போல் வந்து, வழக்கமான நாற்காலியில் அமர்ந்து, புதிய சீட்டுக்கட்டு ஒன்றைப் பிரித்து வைத்தார். உறுப்பினர்கள் ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள், வணக்கம் சொன்னார்கள், மற்ற மேஜைகளுக்குப் போனார்கள். செல்விக்கு எதிரே காத்தவராயன் அமர்ந்தார். தேங்காய்த்திட்டில் ஐஸ் தயாரிக்கும் ஆலையின் மேற்பார்வையாளர். பிரிட்ஜ் கற்கத் தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. சீட்டைப் பிடிக்கவே இன்னும் வரவில்லை. பாதி எதிராளிக்குத் தெரியும்.

வெகுநேரம் கழித்து ராஜவேல் எழுந்துபோய், காத்தவராயனின் தோளுக்குப் பின்னால் நின்றார். வேடிக்கை பார்ப்பதற்குத் தடையில்லை. அங்கிருந்து பார்த்தால் காத்தவராயனின் பிழைகள் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. துருப்பை எண்ணவில்லை. கிளாவரை முன்னாலேயே ஆடியிருக்க வேண்டும். இதோ, தேவையில்லாமல் ஏஸைச் செலவழிக்கப் போகிறான். வாழ்நாளில் ராஜவேலுக்கு இவ்வளவு வசதியான இடம் கிடைத்ததில்லை. அவரையும் மீறி நாக்கு 'த்ச்' என்றது.

"பாக்குறவங்க ஓசை பண்ணக்கூடாது சார்" என்றார் அருள்முருகன், பக்கத்து மேஜையிலிருந்து, திரும்பாமலே.

"நான் ஒண்ணும் பேசலியே."

காத்தவராயன் கையிலிருந்த ஏஸை எடுப்பதா வேண்டாமா என்று தயங்கி, எதிரே பார்த்தார். செல்வி தம் சீட்டுகளைப் பார்த்தபடி, அவர் யோசித்து முடிக்கட்டும் என்று அமர்ந்திருந்தார்.